பகல் மையத்தில் ஓரவஞ்சனை: மனு யாருடையது?



கூலி, ரேஷன் அட்டை, குடிசை இடிப்பு என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று நாங்கள் பேச வந்தது நம் வீடுகளில் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு விஷயம். 18 வயதைக் கடந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் அழைத்து வருகிறோமே, அந்தப் பகல் மையங்களில் நடக்கும் ஓரவஞ்சனை.

தாராவியில் இட்லி விற்கும் ஒரு தாயார் எங்களிடம் வந்தார். மகனுக்கு வயது 26, பிறவியிலேயே மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி. மையத்தில் காகிதப் பை ஒட்டுகிறார். மராத்தி சரியாக வராததால் ஒன்றும் புரியாதவன் என்று கதவோரம் தனியே உட்கார வைக்கிறார்களாம். மனு எழுதலாம் என்றோம். அம்மா பின்வாங்கினார். "நாளைக்கு இவனைச் சேக்க மாட்டோம்னுட்டா எங்க போவேன் அண்ணாச்சி? இட்லிப் பானையோட இவனையும் தூக்கிட்டு அலையவா?"

இந்தப் பயம் நியாயமானது. பயப்படாதே என்று மேடையில் சொல்லிவிட்டு இறங்கிப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் முதலில் மகனிடமே கேட்டோம். அவருக்குப் பேச்சு தாமதம். அரைமணி நேரம் ஆயிற்று. கதவோரம் உட்காருவது அவருக்குப் பெரிய குறையாக இல்லை, காற்று வருகிறதாம்! அவர் சொன்னது வேறு. மத்தியானத்துக்கு மேல் தனக்குத் தண்ணீர் தருவதில்லை. கழிப்பறைக்குத் தூக்கிப் போக ஆளில்லை என்பதால். நடக்கிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் இரண்டு செம்பு குடிப்பான், வெயில் என்றல்லவா நினைத்தேன் என்று தாயார் அழுதார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. நியாயமான வசதியை மறுப்பதும் பாரபட்சமே என்கிறது அது. பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே உணவோ நீரோ மறுத்தால் 92-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

அதற்காகப் போலீசுக்கு ஓடினோமா? இல்லை. அங்கே அத்தனை பேருக்கும் ஒரே ஓர் ஆயா. அவரும் நம்மைப் போல் கூலிக்காரி. அவரை வேலையை விட்டு நீக்கச் சொல்வது சுலபம். நிர்வாகமும் சந்தோஷமாகச் செய்யும். நாங்கள் கேட்டது இரண்டாவது ஆள். அடித்தால், பூட்டி வைத்தால் மட்டும் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. 7-ஆம் பிரிவின்படி நிர்வாக மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், போலீசுக்கும் கடமை உண்டு.

மனுவை மகன் பெயரிலேயே எழுதினோம். வயது வந்தவர், குறை அவருடையது. பெருவிரல் ரேகையும் அவருடையதே. என்ன தேதி, எத்தனை மணி, என்ன நடந்தது, என்ன வேண்டும், அவ்வளவுதான். வசவு ஒன்றும் கிடையாது. ரயில்வே குமாஸ்தா புத்தி என்று சிரிப்பீர்கள். வாயால் சொன்ன குறை பிளாட்பாரத்தோடு போய்விடும், தாளில் ஏறியதுதான் மேலே நகரும் என்பதைத் தினமும் பார்க்கிறோம். நகலில் முத்திரை வாங்கினோம். வாங்க மறுத்திருந்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்திருப்போம். பத்தாம் நாள் இரண்டாவது ஆள் வந்தார். பிள்ளையை ஒரு நாளும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இடம் காலி என்று எழுதிவிடுவார்கள்.

அங்கே அசையாவிட்டால் அடுத்த படி புனேயில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். அவர் பரிந்துரை செய்தால், என்ன செய்தோம் என்று சம்பந்தப்பட்டவர்கள் 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த மையங்கள் பதிவுச் சான்று பெற்றுத்தான் நடக்க வேண்டும். அதைக் கண்ணில் படும்படி மாட்டவும் வேண்டும். நாளைக்குப் போகும்போது சுவரைப் பாருங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேச்சே வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உடம்புதான் மனு. திரும்பி வரும் டிபன் பாக்ஸ், ஈரத் துணி, புதுத் தழும்பு, வாசலில் வரும் முரண்டு, எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மராத்தியில் மனு எழுதித் தர ஞாயிறு காலை சங்கத்தில் இருவர் இருப்பார்கள். மாற்றுத்திறனாளி அட்டை நகலைக் கொண்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். அவரிடம்தான் முதலில் கேட்போம்.