பூட்டும் சாவியும் கணினியில்



பேராக்கில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புப் பகுதிகளாகியும் போனபின் நம் குடும்பங்கள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பிற ஊர்களிலும் பிரிந்து வாழ்கின்றன. ஆயினும் கோயில் கணக்கும் மரண சகாய நிதியும் விட்டுப்போகவில்லை. அன்று கிராணியாரின் மேசைக்குள் இருந்த பெயர்ப்பதிவு இன்று நம் பிள்ளைகளின் கணினியில் இருக்கிறது. பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. அது மோசடிக்காரன் கையில் சிக்கினால் என்ன ஆகும்? அதைப் பூட்டி வைக்கும் வழியைத்தான் இன்று காணப்போகிறோம்.

நம் பிள்ளைகள் பலர் பைத்தான் என்னும் கணினி மொழியைக் கற்கிறார்கள். டச்சுக்காரரான கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட மொழி அது. எழுதுவதற்கு எளிது, பெருங்கணக்குப் போடுவதில் சற்று மந்தம். செய்தியை மறைத்து எழுதுவதோ பெருங்கணக்கு. ஆகவே நிபுணர்கள் 'சி' போன்ற வேகமான மொழிகளில் எழுதிச் சோதித்து வைத்த தொகுப்பைப் பைத்தான் அழைத்து வேலை வாங்கிக்கொள்கிறது. இத்தொகுப்பை நூலகம் என்பார்கள். துரை சொன்னதைக் கங்காணி தமிழில் சொல்லி வேலை நடத்தவில்லையா? அப்படி இடையில் ஓர் இணைப்பு உண்டு. 'கிரிப்டோகிராஃபி' என்றே பெயர் கொண்ட பைத்தான் நூலகத்துக்குள் ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற மற்றொரு நூலகம் இவ்வாறே உழைக்கிறது.

"நானே ஒரு மறைமொழி செய்வேன்" என்று கிளம்பும் கெட்டிக்காரப் பிள்ளைகளும் உண்டு. வகுப்பறை விளையாட்டுக்கு அது சரி. பணக் கணக்குக்கு ஆகாது.

இங்கே ஒரு குழி இருக்கிறது. பாலில் அமிலம் ஊற்றி உறையவைத்துச் சீட்டாக்கிவிட்டால் அது மறுபடி பாலாகாது. ஹாஷ் என்னும் முறையும் அத்தகையது. ஷா-256 என்பதிடம் எதைக் கொடுத்தாலும் 64 எழுத்துள்ள முத்திரை ஒன்றைத் தரும். அதைத் திருப்ப வழியில்லை. அதை நம்பி அடையாள அட்டை எண்களை ஹாஷ் செய்து வைத்தால் போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்ணில் 12 இலக்கங்கள். முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த மாநிலம். பேராக்கில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் 08. மிச்சம் 4. அவற்றிலும் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. நம் பிறந்த நாளும் ஊரும் தெரிந்தவனுக்கு மிஞ்சுவது 5,000 எண்களே! ஒவ்வொன்றையும் ஹாஷ் செய்து முத்திரையோடு ஒப்பிடக் கணினிக்கு ஒரு நொடிகூட வேண்டாம்.

எனவே இதற்கு வேண்டியது சாவி போட்டுப் பூட்டும் முறை. அந்த நூலகத்தில் ஃபெர்னெட் என்று ஒன்று உண்டு. சாவி உண்டாக்கு, பூட்டு, திற: மூன்றே கட்டளைகள். உள்ளே இருப்பது 2001இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற ஏஇஎஸ் முறை. ஒரே எண்ணை இருமுறை பூட்டினாலும் இருவேறு விதமாக வெளிவரும். பூட்டியதில் ஓர் எழுத்தை யாரேனும் மாற்றி வைத்தால் திறக்கவே மறுத்துவிடும். வங்கிக் கணக்கு எண்ணைத் திருட்டுத்தனமாகத் திருத்த நினைப்பவனுக்கு இது பெரிய தடை. நமக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான்.

சாவியை அந்த நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பது, பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவது போலாகும். தனிப் பென்டிரைவில் வைத்துப் பொருளாளரிடம் ஒன்றும் தலைவரிடம் ஒன்றும் கொடுக்கலாம். இரண்டும் தொலைந்தால், நூலகத்தை எழுதியவர்களே வந்தாலும் திறக்க முடியாது.

நூலகத்தையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். 2014 ஏப்ரலில் ஓப்பன் எஸ்எஸ்எல்லில் 'ஹார்ட்பிளீட்' என்னும் ஓட்டை வெளிப்பட்டது. கணினியின் நினைவகத்திலிருந்து இரகசியங்கள் கசியக்கூடிய ஓட்டை அது. திருத்திய பதிப்பு உடனே வந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்களின் கணினிகளில் ஓட்டை அப்படியே கிடந்தது. பைத்தானில் புதிய பதிப்பைப் பெற 'பிப்' என்ற கட்டளை உண்டு, ஒரு வரிதான். சங்கக் கணக்கை எழுதும் பிள்ளை அதைக் கடைசியாக எப்போது போட்டது என்று கேட்டுப் பாருங்கள்.