அகச்சிவப்பு ஒளியில் விண்மீன் மண்டலங்களின் வரலாறு



விண்மீன் மண்டலங்கள் எவ்வாறு தோன்றி வளர்ந்தன என்பதை அறியக் கண்ணுக்குப் புலனாகும் ஒளி மட்டும் போதுமா? போதாது என்பதே வானியலார் கண்ட விடை. வாயுவும் தூசும் செறிந்த முகில்களுக்குள்ளேயே விண்மீன்கள் பிறக்கின்றன. அவற்றின் ஒளியை உட்கொண்டு வெப்பமடையும் தூசு, அவ்வாற்றலை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியிடுகிறது. விண்மீன் மண்டலங்கள் இதுகாறும் வெளியிட்ட ஒளியாற்றலில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு உருமாறியதே. ஆதலின், அகச்சிவப்பை விலக்கி எழுதும் வரலாறு ஏடுகளில் பாதி செல்லரித்த சுவடியை ஒக்கும்.

இக்கதிர்களின் பெரும்பகுதியை வளிமண்டல நீராவி தடுத்துவிடுகிறது. மேலும், வெப்பமுள்ள தொலைநோக்கி தானே அகச்சிவப்பை உமிழ்கிறது. எனவே கருவியை விண்வெளிக்கு அனுப்புவதோடு, கடுங்குளிரிலும் வைத்திருத்தல் வேண்டும்.

அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய நாடுகள் கூட்டாக 1983 ஜனவரியில் ஏவிய ஐராஸ் துணைக்கோளைத் திரவ ஹீலியம் குளிர்வித்தது. 10 மாதங்களில் ஹீலியம் தீர்ந்தது, பணியும் முடிந்தது. அதற்குள் வானின் 96 விழுக்காட்டை அது ஆய்ந்துவிட்டது. ஆர்ப் 220 என்னும் மண்டலம் ஒரு லட்சம் கோடி சூரியன்களுக்கும் மேற்பட்ட ஆற்றலைப் பெரும்பாலும் அகச்சிவப்பிலேயே வெளியிடுவது புலனாயிற்று. இரு மண்டலங்கள் மோதி இணைவதால், அங்கு விண்மீன் பிறப்பு பெருக்கெடுக்கிறது.

ஸ்பிட்சர் (2003–2020), ஹெர்ஷல் (2009–2013) ஆகிய தொலைநோக்கிகள் மேலும் தொலைவை நோக்கின. ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்மீன் பிறப்பு உச்சத்தில் இருந்தது. அதன் பெரும்பகுதி தூசுக்குள் மறைந்தே நிகழ்ந்தது என்பதை அவை உறுதி செய்தன.

2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடி 6.5 மீட்டர் அகலமுடையது. 5 அடுக்குத் திரை அதனைச் சூரிய வெப்பத்தினின்று காக்கிறது. பேரண்டம் விரிவதால், மிகத் தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் நீண்டு அகச்சிவப்பாகிறது. இதனைப் பயன்படுத்தி, பெருவெடிப்பிற்குப் பின் 30 கோடி ஆண்டுகளுக்குள் ஒளிர்ந்த மண்டலத்தை வெப் கண்டது. இச்செய்தி 2024-இல் வெளியாயிற்று. எதிர்பார்த்ததைவிட அது பேரொளி வீசியதால், தொடக்கக் கால வளர்ச்சி பற்றிய கொள்கைகள் மறு ஆய்வுக்கு உள்ளாகியுள்ளன.

இத்துறை இந்தியாவுக்குப் புதிதன்று. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 100 செ.மீ. அகச்சிவப்புத் தொலைநோக்கியை ஐதராபாத்திலிருந்து பலூன் மூலம் வானில் உயர்த்தி ஆய்ந்துள்ளது.

கருவிகளின் ஆயுள் குறுகியது. அவை திரட்டிய தரவுகளோ அழிவதில்லை. ஐராஸ் முதல் வெப் வரையிலான தரவுகள் உலகோர் அனைவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றை ஆராய ராக்கெட் வேண்டா. கணிப்பொறியும் முறையான பயிற்சியும் வேண்டும். அவ்வாய்ப்பைக் கல்லூரிகள்தோறும் அமைத்துத் தருவது அலுவலர் கடன். அதனைப் பயன்கொள்வது மாணவர் கடன்.