ஓர் அலகு மின்சாரம்



மின்பட்டியல் வந்ததும் நாம் முதலிற் பார்ப்பது ரூபாவை. அதன் பக்கத்தில் 'அலகு' என்று ஓர் எண்ணும் உண்டு. அவ்வலகு யாது என்பதே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள்.

வாய்க்காலில் ஓடும் நீர் போன்றது மின்னோட்டம். அதனை அம்பியரால் அளக்கிறோம். நீரைத் தள்ளும் தொட்டியின் உயரம் போன்றது மின்னழுத்தம். அதனை வோல்ற்றால் அளக்கிறோம். எளிய கணக்கில், இரண்டையும் பெருக்க வருவது வலு. அதன் அளவு வாற்று.

வலு வேறு, சக்தி வேறு. வலு என்பது வேலை நடைபெறும் வேகம். அவ்வேகத்தில் எவ்வளவு நேரம் வேலை நடந்தது என்பதையும் சேர்த்தாற்றான் செலவான சக்தி தெரியும். ஆயிரம் வாற்று வலு ஒரு மணி நேரம் செலவானால் அது ஒரு கிலோவாற்று மணி. அதுவே பட்டியலில் உள்ள ஓர் அலகு.

1990ஆம் ஆண்டிற் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின் பட்ட பாட்டைப் பெரியோர் அறிவர். பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கிற் படித்தனர். சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்துத் தைனமோவினால் வானொலி கேட்டனர். சாதாரண சைக்கிள் தைனமோ 6 வோல்ற்று, அரை அம்பியர். ஆகவே 3 வாற்று. அதனால் ஓர் அலகு பெற 333 மணி நேரம், அதாவது இரவு பகலாக ஏறத்தாழ 14 நாட்கள் மிதிக்க வேண்டும்! அதே அலகை இன்று 2,000 வாற்று மின்கேத்தல் ஒன்று அரை மணியில் உண்டுவிடுகிறது.

தென்மராட்சித் தோட்டங்களுக்கும் இக்கணக்கு உரியது. ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று. இழப்பையும் சேர்த்தால் ஒரு குதிரைவலு நீரிறைக்கும் இயந்திரம் மணிக்கு ஏறத்தாழ ஓர் அலகு கொள்ளும். முன்னோர் துலா மிதித்து உடலாற் கொடுத்த விலையை நாம் அலகாற் கொடுக்கிறோம். வாய்க்கால் உடைந்து நீர் வீணானால் அவ்வலகும் மண்ணோடு போய்விடும்.

வீட்டு விளக்கையும் பாருங்கள். பழைய 60 வாற்று மின்குமிழ் நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 9 அலகு. 9 வாற்று எல்.ஈ.டி. குமிழுக்கு ஒன்றரை அலகும் ஆகாது. நமது வீட்டுக் கட்டணமோ அலகு கூடக்கூட அலகின் விலையும் ஏறும் முறையிலானது. ஆதலின் நாம் மிச்சம் பிடிக்கும் அலகு, விலை கூடிய அலகே.

இளைஞர்களே, நாளைக் காலை முதல் உங்கள் வீட்டு மானியின் எண்ணைத் தினமும் ஒரே நேரத்திற் குறித்து வாருங்கள். இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்தால் ஒரு நாட் செலவு தெரியும். ஒரு மாதம் அப்படிச் செய்தால், எந்த நாளில் எவ்வளவு செலவாகிறது என்பது வீட்டார் அனைவருக்கும் விளங்கும். கணக்கறிந்து செலவிடும் வீடு இருளுக்கும் அஞ்சாது, பட்டியலுக்கும் அஞ்சாது.