இரத்தப் பரிசோதனையும் நம் கணக்கும்



செக்ரோல் எழுதும் எங்களுக்கு ஒன்று தெரியும். பெரட்டுக்கு வந்தவர் பெயர் ஏட்டில் ஏறும். வராதவர் ஏன் வரவில்லை என்பதை ஏடு சொல்லாது. தோட்ட மருந்தகப் புத்தகமும் அப்படித்தான். காய்ச்சலோடு பால் வெட்டப் போனவர் அந்தக் கணக்கில் இல்லை.

இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால், இன்று உடலிலுள்ள மலேரியாக் கிருமிதான் தெரியும். ஆனால், கிருமி போன பிறகும் அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் நிற்கும். சில வகை மாதக்கணக்கில், சில வகை ஆண்டுக்கணக்கில். ஊரார் எல்லாரிடமும் சில துளி இரத்தம் எடுத்து இதைச் சோதித்தால், நூற்றுக்கு எத்தனை பேரைக் கிருமி தொட்டது என்று அறியலாம். முதியவரிடம் இருந்து பிள்ளைகளிடம் இல்லையென்றால், நோய் குறைந்து வந்திருக்கிறது. பிள்ளைகளிடமும் இருந்தால், அண்மையிலும் பரவியிருக்கிறது.

2015இல் சபாவின் வடபகுதியில் 180 கிராமங்களில் 10,100 பேரிடம் இவ்வாறு இரத்தம் எடுத்தார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் பழைய மலேரியா வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால், குரங்கிலிருந்து காட்டுக்கொசு வழியாக வரும் நோலெசி மலேரியா நூற்றுக்கு 5 பேரைத் தொட்டிருந்தது.

அது சபா விவகாரம் என்று நாம் இருந்துவிடலாமா? நோலெசி இயற்கையாக மனிதரைத் தொற்றும் என்று முதலில் அறியப்பட்டது 1965இல். பகாங் காட்டில் தங்கிச் சென்ற ஓர் அமெரிக்கரிடம். காட்டோரம் விடியுமுன் மரம் சீவுகிறவர்கள் நாம்.

ஆகவே தோழர்களே, பரிசோதனைக்கு ஆள் வந்தால் அனைவரும் கை நீட்டுவோம். சுகமாக இருப்பவரும், பெண்களும், பிள்ளைகளும், நம்மோடு உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளரும் சேர்ந்தால்தான் கணக்கு சரியாகும். இன்று காய்ச்சல் உள்ளவர் அந்த நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நிர்வாகத்திடமும் நாம் கேட்போம். இரத்தம் கொடுத்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. எதிர்ப்புப் பொருள் இருப்பதால் மட்டும் ஒருவர் இன்று நோயாளி ஆகிவிடமாட்டார். அதைக் காட்டி யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. தனி ஆளின் முடிவு அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மொத்த எண்ணிக்கை தொழிற்சங்கக் கிளைக்கு வரவேண்டும்.

அந்த எண்ணிக்கை கையில் இருந்தால்தான் கொசுவலையும் மருந்தும் நாம் அழுத்திக் கேட்கலாம். ஒன்றுபட்டு நிற்போம்.