மெடிக்கல் கடையில் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்
(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



என்னை மருந்தாளுநர் என்று அறிமுகம் செய்தார்கள். அதற்கு முன்னால் நான் ஒரு குழு உறுப்பினரின் மகள். டி.பார்ம் படிக்க என் முதல் வருடக் கட்டணத்தைக் கட்டியது என் அம்மா குழுவில் வாங்கிய கடன். அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் நாலு பேர் இன்றைக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் பேசும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

"மருந்துச் சட்டம் பற்றிப் பேசும்மா" என்று தலைவி அக்கா சொன்னார்கள். சட்டம் என்றதும் தூக்கம் வந்துவிடும். அதனால் என் அம்மாவின் கதையில் இருந்து ஆரம்பிக்கிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் களையெடுத்துக் களையெடுத்து மூட்டு வலி. நம்ம ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கூட்டுரோட்டு மெடிக்கலில் போய், "மூட்டு வலிக்கு ஒரு செட் மாத்திரை குடுப்பா" என்று கேட்போம். அங்கிருக்கும் பையன் நாலு டப்பாவில் இருந்து நாலு மாத்திரையைக் கொட்டி, காகிதத்தில் மடித்துக் கொடுப்பான். பெயர் கிடையாது, தேதி கிடையாது, பில்லும் கிடையாது. ஆனால் வலி போய்விடும். இரண்டே நாளில் அம்மா எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் என்ன, வாரா வாரம் செட் மாத்திரைதான். இரண்டு வருடம் சாப்பிட்டார்கள்.

முகம் பூசினாற்போல் ஆனது. "என்ன, மக காலேஜுக்குப் போற சந்தோஷமா, கன்னமெல்லாம் உப்பிப் போச்சே" என்று குழுவில் கேலி பேசினார்கள். நானும் சிரித்தேன். இரண்டாம் வருடம் வகுப்பில் ஒரு நாள் ஸ்டீராய்டு மருந்துகள் பற்றிப் பாடம். நாள்பட்டுச் சாப்பிட்டால் முகம் நிலா மாதிரி வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே போகிறார். எனக்கு அம்மா முகம்தான் கண் முன்னால் வந்தது.

ஊருக்கு வந்ததும் அந்தக் கடைக்குப் போய், "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை டப்பாவைக் காட்டுங்க" என்றேன். டெக்சாமெத்தசோன். ஸ்டீராய்டு. சுவரைப் பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒரு சான்றிதழ், அதில் ஒருவருடைய போட்டோ. "இவர் எங்கே?" என்று கேட்டேன். "அவர் வர மாட்டாருக்கா, சர்டிபிகேட் மட்டும்தான்" என்றான் அந்தப் பையன். பத்தாவது படித்தவன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வலி குறைய எதைக் கொடுப்பது என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை அவன் செய்தான்.

அம்மாவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். சர்க்கரை வந்திருந்தது. எலும்பும் மெலிந்திருந்தது. "இதை இன்னைக்கே நிறுத்திடாதீங்க, சட்டுனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் அம்மா சொல்லி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். இங்கேயும் யாராவது பல மாதமாக செட் மாத்திரை சாப்பிட்டு வந்தால், என் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக்கே நிறுத்தாதீர்கள். மாத்திரையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மூன்று வருடம் கழித்துப் பின்வாசலில் வழுக்கியதில் அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. இன்றைக்கு வாக்கரோடுதான் நடக்கிறார்கள்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். மருந்துக்கு முக்கியமாக இரண்டு சட்டங்கள். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம், அதன் கீழ் 1945இல் வந்த விதிகள். இன்னொன்று 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம். இரண்டும் நாடு முழுமைக்கும் பொது. ஆனால் நடைமுறைப்படுத்துவது மாநிலம். கடைக்கு உரிமம் கொடுப்பதும் சோதனை போடுவதும் நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. மருந்தாளுநராகப் பதிவு செய்வது தமிழ்நாடு மருந்தியல் கவுன்சில்.

டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பதென்றால், பதிவு பெற்ற மருந்தாளுநர் கொடுக்க வேண்டும், அல்லது அவர் நேரில் நின்று மேற்பார்வை செய்ய வேண்டும். இதுதான் அடிப்படை விதி. சான்றிதழ் மேற்பார்வை செய்யாது. ஆள்தான் செய்ய வேண்டும். 2022 நவம்பரில் பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது: போலி மருந்தாளுநர்கள் மருந்துக்கடை நடத்தாமல் பார்த்துக்கொள்வது மாநில அரசின், மருந்தியல் கவுன்சிலின் கடமை என்று.

அடுத்தது, மாத்திரை அட்டையைப் படிக்கத் தெரிய வேண்டும். எழுத்து தெரியாதவர்களும் நிறத்தைப் பார்க்கலாம். அட்டையில் ஆர்எக்ஸ் என்ற குறி இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அட்டவணை எச் என்பார்கள். 500க்கும் மேற்பட்ட மருந்துகள் அதில் இருக்கின்றன. அந்த எழுத்து சிவப்பிலும், எச்சரிக்கை சிவப்புக் கட்டத்துக்குள்ளும் இருந்தால் அட்டவணை எச்1. 2014 மார்ச்சில் இது நடைமுறைக்கு வந்தது. வீரியமான ஆன்டிபயாடிக், காசநோய் மருந்து, தூக்க மாத்திரை சில இதில் வரும். இவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நம்ம குழு நோட்டு மாதிரிதான். எழுதவில்லை என்றால் கணக்கு இல்லை. ஆன்டிபயாடிக் அட்டையில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடும் இருக்கும். சிவப்பைப் பார்த்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். அண்டை வீட்டுக்காரிக்கும் பாதி கொடுக்காதீர்கள்.

டாக்டர் சீட்டுக்கும் விதி உண்டு. தேதி, டாக்டர் கையெழுத்து, நோயாளி பெயர் முகவரி, எவ்வளவு மருந்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று எல்லாம் இருக்க வேண்டும். திரும்ப வாங்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. போன வருஷ சீட்டை மஞ்சப்பையில் மடித்து வைத்து, அதையே காட்டி வாங்குகிறோம் அல்லவா, அது தப்பு. சீட்டில் எழுதிய மருந்து இல்லையென்றால், "இதுவும் அதே மாதிரிதாம்மா" என்று கடைக்காரர் தானாக மாற்றிக் கொடுக்கவும் விதி இல்லை. எழுதிய டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம். சபையில் பேசக் கூச்சப்படுவோம், ஆனால் பெண்கள் கூடியிருக்கும் இடத்தில் பேசாவிட்டால் எங்கே பேசுவது? நாள் தள்ளிப் போனால், வெளியே தெரியக் கூடாது என்று யாரிடமாவது பணம் கொடுத்து மெடிக்கலில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அது டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் அந்த மாத்திரையால் கலையாது, உள்ளே வெடித்து உயிர் போகும். ரத்தப்போக்கு நிற்காமலும் போகலாம். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய காலத்துக்குள், உரிய காரணங்களுக்காக, அரசு மருத்துவமனையிலேயே பாதுகாப்பாகச் செய்துகொள்ள வழி இருக்கிறது. 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் போதும். புருஷன் கையெழுத்து சட்டத்தில் கிடையாது. பெயரை வெளியில் சொல்லவும் கூடாது. இதை உங்கள் குழுவில் கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது நான் சொல்லப் போவது என் தப்பு. குறைந்தபட்சம், நான் செய்ய இருந்த தப்பு.

படித்து முடித்து, பதிவும் செய்து, கல்யாணமாகிக் குழந்தை பிறந்த நேரம். வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டில் கஷ்டம். ஒரு கடைக்காரர் ஆள் அனுப்பினார். "நீங்க கடைக்கே வர வேண்டாம். சர்டிபிகேட்டை மாட்டிக்கிறோம். மாசம் 5,000 ரூபாய் வீட்டுக்கு வந்துடும்." நான் மனதுக்குள் சரி என்று சொல்லிவிட்டேன். பால் செலவுக்கும் குழுத் தவணைக்கும் ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டேன். நல்ல சேதி என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "அப்ப அங்க மாத்திரை யாரு எடுத்துக் குடுப்பாங்க?"

"கடைப் பையன்" என்றேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அந்தச் சத்தம் ராத்திரி முழுக்க என் காதில் கேட்டது. எழுதாத செக்கில் கையெழுத்துப் போடாதே என்று நம்ம குழுவில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். நான் போட இருந்தது அந்தக் கையெழுத்துதான். மறுநாள் முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பணம் இல்லாமல் ஒரு வருடம் கஷ்டப்பட்டோம், அதையும் மறைக்கவில்லை.

இப்போது ஒரு கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிறேன். சீட்டு கேட்டால் பலருக்குக் கோபம் வரும். "பக்கத்துக் கடையில தர்றாங்க, நீ என்ன பெரிய கலெக்டரா" என்பார்கள். நியாயம்தான், அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். டாக்டர் ஃபீஸ் கொடுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால்தான் செட் மாத்திரை. சீட்டு கேள் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் இறங்கிப் போனால் அது வெறும் பேச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரும் மருந்தும் இலவசம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. கொண்டு வருவது நம்ம குழு அக்காக்களேதான். காசு கொடுத்து வாங்குவதென்றாலும், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்திருக்கிறார்கள். மக்கள் மருந்தகமும் இருக்கிறது. கம்பெனிப் பெயர் இல்லாத ஜெனரிக் மருந்து அங்கே விலை குறைவு. உங்கள் பிள்ளைகள் டி.பார்ம், பி.பார்ம் படித்திருந்தால் அவர்களே முதல்வர் மருந்தகம் வைக்கவும் திட்டத்தில் இடம் இருக்கிறது. சான்றிதழை வாடகைக்கு விடுவதைவிட அது மேல்.

கடைசியாக, கடையில் நிற்கும்போது ஐந்து விஷயம். விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒன்று, உரிமம் கண்ணில் படும் இடத்தில் மாட்டியிருக்கிறதா? மாட்டியிருக்க வேண்டும். 

இரண்டு, சுவரில் இருக்கும் மருந்தாளுநர் கடையில் இருக்கிறாரா? பெயரும் பதிவு எண்ணும் போட்ட பேட்ஜ் அவர் அணிந்திருக்க வேண்டும். "மருந்தாளுநர் யாருங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

மூன்று, மாத்திரை அட்டையோடு வேண்டும். அட்டையை வெட்டினால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். காகிதத்தில் மடித்த மாத்திரை வேண்டாம். காலாவதியான மருந்தை விற்பது குற்றம்.

நான்கு, பில் வேண்டும். அட்டையில் அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. பாதி அட்டை வாங்கினால் விலையும் பாதிதான்.

ஐந்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று கேளுங்கள். சொல்லித் தருவது எங்கள் வேலை, எங்கள் தயவு அல்ல.

மருந்தில் சந்தேகம் வந்தால் மாவட்டத்தில் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில், மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். பலருக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, மருந்து வாங்கிய யாரும் கட்டணம் கட்டி அதை அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். கையெழுத்திட்ட அறிக்கை தருவார்கள். அதற்குத்தான் பில்லும் அட்டையும் பத்திரமாக இருக்க வேண்டும்.

தலைவி அக்காவிடம் ஒரு வேண்டுகோள். "எங்கள் குழுவில் யாரும் பெயர் தெரியாத மாத்திரை சாப்பிட மாட்டோம், சான்றிதழை வாடகைக்கு விடும் பிள்ளையை வளர்க்க மாட்டோம்" என்று ஒவ்வொரு குழுவின் தீர்மான நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் குழுவில் போன மாதமே எழுதிவிட்டார்கள். முதல் கையெழுத்து என் அம்மா போட்டது.