கைக்கணினி: வருகைப்பதிவு முடிந்த பிறகு

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதுசா வந்திருக்கிற கைக்கணினியைத் திறந்ததும் முதலில் எதைத் தொடுகிறீர்கள்? வருகைப்பதிவு. அப்புறம் எண்ணும் எழுத்தும் மதிப்பீடு. அது வேண்டிய வேலைதான், குறை சொல்ல வரவில்லை. ஆனா ஐந்து நிமிடத்தில் அது முடிந்ததும் கருவி பீரோவுக்குள் போய்விடுகிறது பாருங்க, அதுதான் வருத்தம்.

2010-இல் ஐபேட் விற்பனைக்கு வந்தபோது, படம் பார்க்கத்தான் ஆகும், எதையும் உருவாக்க ஆகாது என்று பலர் சொன்னார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி அதில் 'பிரஷஸ்' செயலியைப் போட்டு விரலால் வரைந்தார். 2011-இல் யார்க்‌ஷயர் கிராமத்துச் சாலையோரம் வசந்தம் வந்ததை அவர் வரைந்த படங்கள், மறு ஆண்டு லண்டன் ராயல் அகாடமி சுவர்களில் பெரிதாக அச்சாகித் தொங்கின. அந்தச் செயலி ஒவ்வொரு கோட்டையும் போட்ட வரிசையிலேயே திரும்ப ஓட்டிக் காட்டும். நமக்கு அதில் ஒரு பயன் இருக்கு. ஒரு குழந்தை 'இ' எழுதும்போது கை எங்கே தடுமாறுகிறது என்று நோட்டைப் பார்த்தால் தெரியாது. வரைவதைப் பதிவு செய்யும் செயலியில் எழுதச் சொன்னால் தெரிந்துவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 'ஸ்கிராட்ச் ஜூனியர்'. இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கென்றே செய்தது, கட்டளைகள் எல்லாம் படக் கட்டைகள். வாசிக்கத் தெரியாத பிள்ளையும் பூனையை நடக்க வைக்கலாம், குதிக்க வைக்கலாம். ஒரு கதைக்கு நான்கு பக்கம் வரை வைக்கலாம். மைக்கைத் தொட்டால் பிள்ளையின் குரலே பதிவாகும். தமிழ் எழுத்துரு இருக்கா இல்லையா என்ற கவலையே இங்கே கிடையாது. வீட்டில் பேசுகிற பேச்சிலேயே பூனை பேசும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, பூனைக்காகப் பேசும். எழுத்துத் தேர்வில் பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்லக் கதை இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாதில்லையா?

கேமராவும் அப்படித்தான். புளியங்கொட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு படம் எடுங்கள். நொடிக்கு 6 படம் என்று வைத்தால் 60 படத்தில் பத்து நொடிப் படம் தயார். கூட்டல் கணக்கும் அதிலேயே நடந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. இது அரசுக் கருவி; புதிய செயலி போடும் முன் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் முகமோ குரலோ பெற்றோர் சம்மதமில்லாமல் வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போகக் கூடாது, பெருமைக்காகக்கூட.

சரி, இப்போ கருவியை எடுங்க. ஸ்கிராட்ச் ஜூனியர் இதில் ஏற்கெனவே போட்டிருக்கு. இருவர் இருவராக உட்கார்ந்து, தேநீர் வருவதற்குள் பூனையை ஒரு வார்த்தை பேச வையுங்கள்.