புளூட்டோவில் கிளம்பி சூரியனில் இறங்கினோம்

சிட்னியிலிருந்து மேற்கே மலை தாண்டி ஐந்து மணி நேரம் போனால் டப்போ என்றொரு ஊர். கோதுமை விளையும், செம்மறியாடு மேயும் சீமை அது. அங்கிருந்து வடக்கே நியூவெல் நெடுஞ்சாலையைப் பிடித்து, கூனபரபரன் என்ற சிற்றூருக்குக் குழந்தைகளோடு கேம்பர்வேனில் போனோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வண்டிக்குள்ளேயே. பசித்த இடத்தில் ஓரங்கட்டிச் சோறு வடித்துக்கொள்ளலாம்.

இந்தச் சாலையில் சூரியக் குடும்பத்தையே நட்டு வைத்திருக்கிறார்கள். கூனபரபரனுக்கு மேற்கே மலைமேல் இருக்கிறது சைடிங் ஸ்பிரிங் வானாய்வகம். அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் 37 மீட்டர் அகலக் குவிமாடம்தான் சூரியன். அதற்கேற்ப எல்லாவற்றையும் 3 கோடியே 80 லட்சம் மடங்கு சுருக்கி, கோள்களைச் சாலையோரப் பலகைகளில் பொருத்தியிருக்கிறார்கள். டப்போவில் இருக்கும் புளூட்டோ ஓர் எலுமிச்சம்பழ அளவுதான். வியாழனோ ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு.

புளூட்டோவை விட்டதும் வயல், வேலி, யூகலிப்டஸ் மரங்கள், மறுபடியும் வயல். எதிரே தானியம் ஏற்றிய ரோடு டிரெயின் எனும் நீண்ட தொடர் லாரிகள் வண்டியை உலுக்கிவிட்டுப் போகும். "அடுத்த கோள் எப்போப்பா வரும்?" என்று பின் இருக்கையிலிருந்து கேள்வி வந்துகொண்டே இருந்தது. கணக்குப் போட்டால், இந்த அளவில் ஒளியின் வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர்தான். ஒரு மிதிவண்டிப் பந்தய வீரர் ஒளியை முந்திவிடுவார்! நூறில் போகும் எங்கள் வண்டிக்கே நெப்டியூனைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆனது. பாடப்புத்தகத்தில் கோள்களை ஒரே பக்கத்தில் நெருக்கிப் போட்டுவிடுகிறார்கள். நடுவில் கிடக்கும் வெறுமையைப் பிள்ளைகள் உடம்பால் உணர வேண்டுமென்றால் இப்படி ஒரு சாலைதான் வேண்டும்.

சனி, வியாழன் தாண்டி மலைப்பாதை ஏறினால் கதை தலைகீழ். கடைசி ஆறு கிலோமீட்டருக்குள் செவ்வாய், பூமி, வெள்ளி, புதன் நான்கும் வந்துவிடும். நம் பூமி ஏறக்குறைய ஒன்றரைச் சாண் அகலம்தான். என் மகள் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நகர மறுத்தாள்.

மலைமேல் 3.9 மீட்டர் கண்ணாடி கொண்ட ஆங்கிலோ ஆஸ்திரேலியத் தொலைநோக்கி 1974 முதல் வானைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2013 ஜனவரியில் காட்டுத்தீ இந்த மலையை வளைத்தது. ஆய்வாளர்கள் தங்கும் விடுதி எரிந்துபோனது, சுற்றுவட்டாரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. தொலைநோக்கிகள் தப்பின. கருகிய மரங்களின் அடியிலிருந்து தளிர் வெடித்து வளர்ந்திருப்பதை வழியெங்கும் காணலாம்.

அடிவாரத்தில் வாரம்பங்கிள் தேசியப் பூங்கா. பழைய எரிமலையின் எச்சங்கள் கத்தி கத்தியாக நிமிர்ந்து நிற்கின்றன. அங்குள்ள முகாமில் வண்டியை நிறுத்தினால் கங்காருக்கள் பக்கத்திலேயே மேயும். 2016-இல் ஆஸ்திரேலியாவின் முதல் இருள்வானப் பூங்காவாக இது அறிவிக்கப்பட்டது. இங்கே பால்வெளி நிழல் விழும்படி பிரகாசிக்கிறதோ என்று தோன்றும். இந்த மண்ணின் மூத்த குடிகளான கமிலராய் மக்கள் விண்மீன்களை மட்டும் பார்க்கவில்லை, பால்வெளியின் கரும்பகுதிகளில் ஓர் ஈமுவைக் கண்டார்கள். தெற்குச் சிலுவையை ஒட்டிய கரும்புள்ளி அதன் தலை. அந்த ஈமு வானில் கிடக்கும் கிடையைக் கொண்டே தரையில் ஈமு முட்டையிடும் பருவத்தை அறிந்தார்கள். ஆய்வகம் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே இங்கு வானியல் இருந்திருக்கிறது!

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அமாவாசையை ஒட்டி நாள் பாருங்கள். ஜூன், ஜூலையில் இரவு உறைபனிக் குளிர், கம்பளி தாராளமாக வேண்டும். அந்தி சாய்வதற்குள் முகாமை அடைந்துவிடுங்கள், கங்காருக்கள் சாலையில் குதிக்கும் நேரம் அது. டப்போவிலேயே எரிபொருளும் தண்ணீரும் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.